பூட்டியிருந்த மூன்று வீடுகளை ஆராய்ச்சியில் சேர்க்கக் கோரல்

அனுப்புபவர்:
திருமதி எல்சி இக்னேசியஸ்,
14, கிணற்றடி ஒழுங்கை,
உப்புவெளி, திருகோணமலை.

பெறுபவர்:
பதிவாளர் அவர்கள்,
மருத்துவ முதுமாணி ஆராய்ச்சிப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: டொக்டர் சோமசேகரம் அவர்களின் தொற்றுநோயியல் முதுமாணி ஆராய்ச்சியில் எங்கள் ஒழுங்கையின் மூன்று வீடுகள் விடுபட்டமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. 04.06.1978 ஞாயிறு, பூசை முடிந்தபின், எங்கள் வாசிகசாலையில் கூடியிருந்தோர்: ஆராய்ச்சி செய்யும் டொக்டர் சோமசேகரம், அவருக்காக வீடு வீடாகப் போய் எழுதிய கிளாக்கர் கனகரத்தினம், பெண்கள் பத்தொன்பது பேர், ஆண்கள் இருவர். அந்த இருவரில் ஒருவர் என் கணவர். கடைசி வாங்கில் இருந்தார்.

2. தமது பட்டத்துக்காக நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) பற்றிச் செய்த ஆராய்ச்சியின் முடிவை டொக்டர் வாசித்தார். பொதுக்கிணற்றில் குடிக்கும் வீடுகள் இருபத்தைந்து, காய்ச்சல் கண்டவை இரண்டு. றோட்டுக்கரையில் குழாய்த்தண்ணீர் குடிக்கும் வீடுகளும் இருபத்தைந்து, காய்ச்சல் கண்டவை இரண்டு. ஆகவே கிணற்றில் பிழையில்லை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

3. ஐயா, கிணற்றில் குடிக்கும் வீடுகள் இருபத்தெட்டு. தை மாதம் அவர் முதன்முதல் வந்தபோது வீட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தவள் நான்தான். எங்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, என் மகள் இன்பமலரின் பெயரையும் பதினொரு வயதையும் தம் கையாலேயே எழுதினார். மிச்சம் மூன்று வீடும் எங்கே என்று வாசிகசாலையில் எழும்பிக் கேட்டேன். இரண்டு தரம் போயும் பூட்டியிருந்த வீட்டை 'ஊரைவிட்டுப் போனவர்கள்' என்று பதிந்து விலக்குவது ஆராய்ச்சி ஒழுங்கு என்று கிளாக்கர் பதில் சொன்னார்.

4. ஏன் பூட்டியிருந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளாக்கர் முதல் வந்தது பெப்ரவரி 8, விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசக்கூடக் கோயிலுக்குப் போக ஏலாமல் ஆஸ்பத்திரியில் மகளின் கட்டிலடியில் இருந்தனான். பக்கத்து வீட்டு நபீஸா தன் மகளோடு அடுத்த கட்டிலில். எதிர்வீட்டுப் பாக்கியரத்தினம் மனைவியோடு பெரியவர்களின் வாட்டில். மூன்றும் நெருப்புக்காய்ச்சல். கிளாக்கர் இரண்டாம் தரம் வந்தது 15ஆம் திகதி. மற்ற இரண்டு வீட்டாரும் அப்போதும் ஆஸ்பத்திரியில். நாங்கள் கோயிலில். என் வீட்டுக் கணக்குக் கொப்பியில் அன்றைக்கு "பெட்டி, மெழுகுதிரி, வெள்ளைத்துணி" என்று மாத்திரம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்தெழுதி இத்துடன் இணைத்துள்ளேன்.

5. மூன்று வீட்டையும் சேர்த்தால் இருபத்தெட்டில் ஐந்து. நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். நோய் வந்த வீடுதான் பூட்டிக்கிடக்கும் என்பது விளங்க அதற்குமேல் படிப்புத் தேவையில்லை. "இனிக் காய்ச்சல் வந்தா கதவைத் திறந்து வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறம், டொக்டர்" என்று நபீஸா சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆய்வேடு தட்டச்சு செய்தாகிவிட்டது, நீங்கள் கவலையில் கதைக்கிறீர்கள் அம்மா என்றார் டொக்டர். கவலைதான், ஐயா. ஆனால் எண்ணிக்கை பிழைக்கவில்லை.

6. என் மகள் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. டொக்டரின் ஜீப் திரும்பும் முடக்கில் உள்ள சேமக்காலையில், சிலுவையடியில் இருக்கிறாள். ஆண்டவரின் புத்தகத்தில் அவள் பெயர் உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் புத்தகத்தில்தான் இல்லை.

7. மாசி தொடக்கம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்த சனம், அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிற்பாட்டிவிட்டது. விறகு மிச்சமாம். நான் சொன்னால், டொக்டரைவிட உனக்குத் தெரியுமோ என்கிறார்கள். இந்த ஒழுங்கையில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள்.

ஆகவே, மூன்று வீடுகளையும் சேர்த்துத் திருத்தும்வரை ஆய்வேட்டை ஏற்கவேண்டாம் என்றும், திருத்திய கணக்கை டொக்டரே அதே வாசிகசாலையில், அதே சனத்தின் முன் வாசிக்கச் செய்யவேண்டும் என்றும் தாழ்மையுடன் கேட்கிறேன். அவர் பட்டம் பெறட்டும். அதற்கு நான் எதிரியல்ல.

விரைவில் பதில் தரவும். வீடு பூட்டியிருந்தால் கடிதத்தைக் கதவின் கீழால் தள்ளிவிடும்படி தபாற்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உப்புவெளி,
12.06.1978

இங்ஙனம்,
எல்சி இக்னேசியஸ்
(இன்பமலரின் தாய்)