கில்டாரா றோவர்ஸின் வாசற்காரி

கில்டாரா, அயர்லாந்து
2.8.2024

அன்புள்ள மலரக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் மகன் பிரவீணனுக்குப் பெண் பார்த்தாயிற்று என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டு அழுதேன். என்னிடமும் ஒரு செய்தி இருக்கிறது. எங்கள் கில்டாரா றோவர்ஸ் ஜெர்மனிக்கு ஆட வருகிறது! ஐரோப்பியப் போட்டிக்குள் நாங்கள் நுழைவது முப்பத்தொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. எதிரணியின் ஊர் உங்கள் டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை.

சிரிக்காதீர்கள். அங்கே ஜெர்மனியில், அகதிகள் விடுதியில் நாங்கள் ஒரே அறையில் இருந்த காலத்தில், தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் தொடங்கினால் எழும்பிப் போகிறவள் நான். எல்லாம் பற் என்கிற கிழவரால் வந்தது. முதியோர் இல்லத்திலிருந்து அவரைச் சக்கர நாற்காலியில் மைதானத்துக்குத் தள்ளிப்போவது வெள்ளிக்கிழமைகளில் என் வேலை. கம்பளி ஆலைத் தொழிலாளர் பதினொரு பேர் தொடங்கிய கழகம் இது. அவர் தகப்பன் அதில் ஒருவர். பிறகு மைதானத்தை விற்று அதில் சுப்பர்மார்க்கெட் கட்டிவிட்டார்கள். பதினாலு வருடம் ஊர் ஊராய் இரவல் மைதானம். ஆதரவாளர்கள் பஸ் பிடித்துப் பின்னாலேயே போனார்கள். "எங்களுக்கு வீடு இல்லாமல் போனது, ஆள் இல்லாமல் போகவில்லை" என்பார் பற். எனக்கு அது விளங்காதா? அவர் இறந்த பிறகு ஆதரவாளர்கள் கூடிப் பேசி அவருடைய இருக்கையை எனக்குத் தந்தார்கள்.

நாற்பது பேர் வருகிறோம். இரண்டு மணிக்கு டோர்ட்மண்ட் நிலையத்தில் இறங்குவோம். உங்களுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. உங்கள் பெயர் எல்லாருக்கும் பாடம். டெக்லன் என்கிற தச்சன் அதை நாலு கைதட்டுக்கு அளந்து வைத்திருக்கிறான்: ம - லர் - அக் - கா!

வழி பார்த்திருக்கும்
கொறற்றி


டோர்ட்மண்ட்
9.8.2024

அன்புத் தங்கை கொறற்றிக்கு,

வராமல் இருப்பேனா? முப்பது வருடம் இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தமிழ் படிப்பித்தவள் நான். ஒரு பிள்ளையை 'பழம்' என்று சரியாகச் சொல்ல வைக்க ஒரு வருடம் பிடிக்கும். நாற்பது அயர்லாந்துக்காரருக்கு நீ என் பெயரைப் பழக்கிவிட்டாய் என்றால், அந்தச் சம்பளத்தை உனக்குத்தான் தந்திருக்கவேண்டும்.

மருமகளாகப் போகும் ஆதிரையின் பெற்றோர் கல்யாணத்துக்கு நாள் வைக்க ஸ்டுட்கார்ட்டிலிருந்து 24ஆம் திகதி சனிக்கிழமை வருகிறார்கள். பெரிய இடம், கொஞ்சம் பயமாக இருக்கிறது. உங்கள் ஆட்டம் வியாழன் என்பதால் தொல்லை இல்லை. இரண்டு மணிக்கு நிலையத்தில் நிற்பேன்.

என்றும் அன்புடன்
மலரக்கா


டோர்ட்மண்ட்
26.8.2024

அன்புள்ள கொறற்றிக்கு,

என்னை மன்னித்துக்கொள். வியாழன் காலையில் முப்பத்தொன்பது பாகை காய்ச்சல். எழும்ப முடியவில்லை. மத்தியானம் டொக்டரைப் பார்க்க டெர்மின் கிடைத்ததால் அங்கே போக வேண்டியதாயிற்று. போனும் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. நீங்கள் எல்லாரும் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கக் கவலையாக இருக்கிறது. ஆட்டம் எப்படி?

அன்புடன்
மலரக்கா


கில்டாரா
5.9.2024

அன்புள்ள மலரக்காவுக்கு,

கொத்தமல்லி அவித்துக் குடித்தீர்களா? இந்த வயதில் காய்ச்சலோடு விளையாடக்கூடாது.

நாலுக்குப் பூச்சியம். தோற்றோம். ஆட்டம் முடிந்தும் அரை மணி நேரம் பாடிக்கொண்டே நின்றோம். எதிரணியின் ஆட்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று எங்களுக்குக் கைதட்டினார்கள். உங்கள் இருக்கையில் யாரையும் இருக்கவிடாமல் கொடியை விரித்துவைத்தோம்.

நிலையத்தில் ஒரு பகிடி. நீலச் சேலை கட்டிய ஒரு அம்மா யாரோடோ நின்றா. நீங்கள்தான் என்று நினைத்து நான் கையைக் காட்டிவிட்டேன். உடனே நாற்பது பேரும் கைதட்டிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டா. ஆள் மாறிவிட்டது என்று சொல்லி நான்தான் எல்லாரையும் அமர்த்தினேன்.

போன வெள்ளி இங்கே ஆட்டம். வழக்கமாக நிற்கும் வாசலில் நான் நிற்கவில்லை, தேநீர் ஊற்றினேன். கல்யாண நாள் வைத்தாயிற்றா?

கொறற்றி


டோர்ட்மண்ட்
15.9.2024

கொறற்றி,

அது நான்தான். உனக்கும் தெரியும்.

பொய் சொல்லும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பார்கள். வீட்டுப்பாடம் செய்யாததற்கு உண்மையான காரணம் ஒன்றுதான் இருக்கும், இரண்டு சொன்னால் யோசியுங்கள் என்பேன். நான் உனக்கு மூன்று எழுதினேன்.

ஆதிரையின் பெற்றோர் இரண்டு நாள் முந்தி, அன்றைக்கே வந்துவிட்டார்கள். உன்னைப் பார்க்கத்தான் நிலையத்தில் நின்றேன். உங்கள் ரயிலுக்குச் சற்று முன் அவர்களின் ரயில் வந்தது. கூட்டிக்கொண்டு வெளியே வரும்போது உங்கள் பாட்டுக் கேட்டது. கையில் பியர்ப் போத்தல்களோடு ஆண்கள், நடுவில் பச்சை வெள்ளைச் சட்டையோடு நீ.

"ஐயோ, அதுக்குள்ள எங்கட பொம்பிளை ஒண்டும் நிண்டு கத்துது பாருங்கோ. வெக்கங்கெட்டது!" என்றா ஆதிரையின் தாய்.

அப்போதுதான் என் பெயர் எழும்பியது. நிலையம் முழுக்க.

"உங்களையே கூப்பிடுகினம்? உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

"இல்லை. ஆரெண்டே தெரியாது."

சத்தமாகச் சொன்னேன். நீ காட்டிய கையை இறக்கியதைக் கண்டேன்.

பிரவீணன் பிறந்த அன்று இவர் வேறு நகரத்தில் வேலையில். பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து நின்றவள் நீ. அவனுடைய சம்பந்தத்துக்காகவே உன்னைத் தெரியாது என்றேன்.

வகுப்பில் ஜன்னல் உடைந்தால் யார் உடைத்தது என்று கேட்பேன். உடைக்காத பிள்ளை ஒன்று, பக்கத்தில் இருப்பவனுக்காக எழும்பி நிற்கும். அப்படி இரண்டு பிள்ளைகளைத்தான் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உடைத்த பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கும் என்று உன் கடிதத்தை வாசித்தபோது தெரிந்தது.

நான் அங்கே வரட்டுமா? உங்கள் ஆட்களோடு ஒரு ஆட்டம் இருந்து பார்க்கிறேன். இந்தத் தரம் கூப்பிட்டால் திரும்புவேன்.

சிவமலர்


கில்டாரா
28.9.2024

மலரக்கா,

தெரியும். நாங்கள் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள், உங்கள் முகம் எனக்கு மாறுமா? அன்றைக்கு ஆட்டத்தில் நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினேன். வேறு என்ன செய்வது?

வரவேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. இங்கே பழைய ஆதரவாளர்களிடம் டிக்கெட் கேட்கும் வழக்கம் இல்லை. முகம் தெரிந்த ஒருவர் வாசலில் நின்று உள்ளே விடுவார். எட்டு வருடமாக அது நான். அறுநூறு முகம், ஒன்றிலும் பிழை விட்டதில்லை. நிலையத்தில் ஆள் மாறிவிட்டது என்று சொன்னேன் அல்லவா, அதை நம்பிவிட்டார்கள். பாவம், என் கண் மங்குகிறதாம். டெக்லன் எவ்வளவோ பக்குவமாகச் சொல்லி வாசலை வேறு ஒருவருக்குக் கொடுத்தான். கண் டொக்டரிடம் நாளும் எடுத்துத் தந்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறும்போது "படி, கொறற்றி, படி" என்று கையைப் பிடிக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் வாசல் திரும்பக் கிடைக்கும். ஆனால் இவ்வளவு காலம் நான் சொல்லிவந்த மலரக்கா என்னைத் தெரியாது என்றா என்று என் வாயால் எப்படிச் சொல்ல? நீங்கள் வந்தால் முகமே சொல்லிவிடும். கடிதம் எழுதுங்கள். அது போதும்.

கொறற்றி


டோர்ட்மண்ட்
9.10.2024

அன்புள்ள கொறற்றிக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆதிரையின் தாயிடம் சொன்னேன். "அண்டைக்குப் பாடினவ என்ர தங்கச்சி மாதிரி. தெரியாதெண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான்." தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு "ஓமோ" என்றா. அதற்குப் பிறகு போன் இல்லை. பிரவீணனுக்கும் சொல்லிவிட்டேன். அவன் என்னோடு கதைக்காமல் இருக்கிறான், சம்பந்தம் குழம்பியதற்காக அல்ல, உனக்காக.

நீ வரவேண்டாம் என்றாய், வரமாட்டேன். உங்கள் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. உன் வாயால் சொல்ல முடியாததை என் கையால் எழுதியிருக்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். அதன் தமிழ் கீழே.

உன்
மலரக்கா

கில்டாரா றோவர்ஸ் ஆதரவாளர்களுக்கு,

ஆகஸ்ட் 22ஆம் திகதி டோர்ட்மண்ட் நிலையத்தில் நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினீர்கள். நீலச் சேலை கட்டி நின்றவள் நான்தான். என்னோடு நின்றவர்களுக்குப் பயந்து, கொறற்றியைத் தெரியாது என்று சொன்னேன். அவள் சரியான ஆளைத்தான் காட்டினாள். அவள் கண்ணில் ஒரு பழுதும் இல்லை.

தயவுசெய்து அவளைத் திரும்ப வாசலில் நிற்க விடுங்கள்.

சிவமலர் தியாகராசா