துளசியின் இடது இடுப்பு

நவ. 4, திங்கள்

விடியலிலிருந்து மழை. கொடியில் போட்டது ஒன்றும் காயவில்லை. துளசிக்கு பம்பர்ஸ் மாற்றுவதே பெரும்பாடு. இடது காலை விலக்கினால் வீரிட்டு அழுகிறாள். ஏழு வயது. பிறப்பிலேயே பெருமூளை வாதம். நடக்கமாட்டாள், கதைக்கமாட்டாள். எங்கே நோகிறது என்று யாரிடம் கேட்பது?

இவர் துறைமுக வேலையால் வந்து, கூதலுக்கு நரம்பு இறுகியிருக்கும் என்றார். பாலையூற்றிலிருந்து இவரின் அக்கா, என் மச்சாள், போனில்: பல்லு முளைக்கிறதாம். காலுக்கும் பல்லுக்கும் என்ன? எல்லாருக்கும் எல்லாம் தெரியும். பிள்ளையைத் தூக்க மட்டும் ஆள் இல்லை.

பால்மா முடிகிறது.

நவ. 6, புதன்

கிளினிக். ஓட்டோவுக்குள்ளும் தண்ணீர். பயிற்சி கொடுக்கும் மிஸ் துளசியைப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கிக் காட்டினார். இடது முழங்கால் வலதை விடப் பதிந்து நிற்கிறது. உடனே எக்ஸ்ரே. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியை விட்டுப் பாதிக்குமேல் வெளியே. இறுகிய தசை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்திருக்கிறது.

டொக்டர் புதியவர். "கடைசியா எப்ப இடுப்பை எக்ஸ்ரே எடுத்தனீங்கள்?"

எடுத்ததே இல்லை. நோவு வருமுன்பே இடைக்கிடை எடுத்துப் பார்த்திருக்க வேண்டுமாம். இத்தனை வருடமும் இதே கிளினிக் வாங்கில்தான் உட்கார்ந்திருந்தேன். வலிப்புக்கு மருந்து எழுதினார்கள், நிறை பார்த்தார்கள். இடுப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதையே சொன்னேன். டொக்டர் கொழும்புக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

கொழும்பில் ஒப்பரேசன். தொடை எலும்பை வெட்டித் திருப்பி, தகடு வைத்து, தலையைக் குழிக்குள் இருத்துவார்களாம். பிந்தினால் அதுவும் கஷ்டம்.

நவ. 7, வியாழன்

மழை விட்டது. நுளம்புக் கடி.

நேற்றுச் சொன்னதற்கு இவரிடமிருந்து இன்றுதான் பதில். "நடக்காத பிள்ளைக்கு என்னத்துக்கு ஒப்பரேசன்?" மச்சாளுக்கும் அதே கதைதான்.

"நடக்கிறதுக்கில்லை. நோகாமல் இருக்கிறதுக்கு," என்றேன். விளங்கவில்லை.

பின்னேரம் பம்பர்ஸை இவர் கையில் கொடுத்தேன். இன்றைக்கு நீங்கள் மாற்றுங்கள் என்றேன். துளசி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இவர் காலை விட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்துவிட்டார்.

"ஒவ்வொருக்காவும் இப்பிடியோ?"

ஓம் என்றேன்.

கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் அப்படியே சாப்பிட்டு எழும்பினார்.

நவ. 11, திங்கள்

கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தால் லைன் இல்லை. கிடைத்தால் ஆளுக்காள் மாற்றிவிடுகிறார்கள். கடைசியில் இவர் லீவு போட்டு, வீட்டிலிருந்து விடாமல் எடுத்தார். தைப்பொங்கல் கழித்து வரட்டாம். அதுவரை? நோவுக்கு மருந்து, கால்களுக்கு நடுவே தலையணை. சொல்கிறவர்களுக்கு என்ன.

எண்ணெய் போட்டு உருவ ஒருவரைக் கூட்டி வருகிறாளாம் மச்சாள். இவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "அக்கா, பிள்ளையின்ர காலில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

பிறகு தானாகவே மாற்றப் போனார். காலை விலக்காமல், மெதுவாகப் பக்கவாட்டில் புரட்டி. அழவில்லை. பம்பர்ஸின் பின்பக்கம் முன்னுக்கு வந்துவிட்டது. துளசி சிரிக்கிறாள், இவரும் சிரிக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்பிப் போடக் கழற்றியதில் ஒட்டு கிழிந்துபோயிற்று, ஒரு பம்பர்ஸ் வீண்.