பீரோ சாவி சர்க்கரை டப்பாவில்

மகளே,

பதினாறு வயது நிரம்பாத எந்தப் பிள்ளையும் பெற்றோர் சம்மதமில்லாமல் இணையத்தில் காலடி வைக்கக் கூடாது. இதைச் சட்டமாக்கக் கோரி இன்று பதினொரு மணிக்குப் பெற்றோர் சங்கத்தில் முழங்கப்போகிறேன்.

நீச்சல் முடிந்து பசியோடு வருவாய். முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடும் முன் ஒரு வேலை. நேற்று உன்னிடமிருந்து பிடுங்கிப் பீரோவில் பூட்டினேனே, அந்தப் போனை எடு. சாவி சர்க்கரை டப்பாவுக்குள் இருக்கிறது. போன் உன் விரல் ரேகைக்குத்தான் திறக்கிறது. போனில் ஒரு கோரிக்கை வந்திருக்கும். என் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கரடி பொம்மை இருக்கும், சிரிக்காதே. "சம்மதம்" என்பதை அழுத்து. பத்தே முக்காலுக்குள் அழுத்தினால் புண்ணியமாகப் போகும்.

"உங்களுக்கு அந்தப் போன் பூட்டெல்லாம் போடத் தெரியாதுப்பா, என்கிட்ட குடுங்க" என்று நீ சொன்னபோது நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

அம்மாவிடம் மூச்சு விடாதே.

அப்பா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: என் பேச்சு முழுவதும் என் போனில்தான் இருக்கிறது. இரண்டு போனையும் இணைக்கும்போது எது பெற்றோருடையது, எது பிள்ளையுடையது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டேன். எதைத் தொட்டாலும் பெரியவர்களைக் கேட்கச் சொல்கிறது. நேற்று மாலையிலிருந்து எனக்கு நீதான் பெற்றோர்.