டிக்கிக்குள் எரிந்த விளக்கு

ஏனுங்க,

சோறும் கீரைக் கடைசலும் மூடி வைத்திருக்கிறேன். கார் சாவி ஆணியில் இருக்கிறது. நான் பஸ்ஸில் கொட்டச்சேட்டுக்கு அக்கா ஊட்டுக்குப் போகிறேன். கோபித்துக்கொண்டு இல்லை, சாயங்காலம் வந்துவிடுவேன்.

தினமும் காலையில் கார் பேட்டரி செத்துக் கிடந்ததற்கு, "நீ உள்ள உக்காந்து பாட்டுக் கேட்டே தீத்துப்போட்ட"ன்னு என்மேல் பாய்ந்தீர்களே. டிக்கியை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று யாராவது பார்த்தோமா? நேற்று சாயங்காலம் போனில் வீடியோப் பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், மூடிய பிறகும் மிளகு மூட்டை பளிச்சென்று தெரிகிறது! விளக்கை அணைக்கிற சுவிட்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது. பல்பைக் கழற்றினேன். இன்று காலை ஒரே திருகில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. இனிமேல் சரிவில் நிறுத்தித் தள்ள ஆள் தேட வேண்டாம்.

பல்பு சர்க்கரை டப்பா மேல் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீங்க.

மேனகா

இன்னொன்று. அந்த வீடியோவில் பேச்சும் பதிவாகியிருக்கிறது. கார் பக்கத்தில் நின்று, பக்கத்து ஊட்டு ஐயாக்கண்ணு அண்ணனிடம் நீங்கள் சொன்னது: "பாவமுங்கண்ணா, அவ மேல தப்பிருக்காதுங்க. நாந்தான் வாய்க்கு வந்தபடி கத்திப்போட்டனுங்க."

பாட்டுக் கேட்டுக் கார் பேட்டரியை நான் தீர்க்கவில்லை. இதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் போன் பேட்டரியைத்தான் தீர்த்துவிட்டேன். போன் ஊட்டில் சார்ஜில் கிடக்கிறது, அதனால் கூப்பிடாதீங்க. நேரிலேயே சொல்லுங்க.