பாலில் கலந்த அமைதி

ஜூன் 9, திங்கள்

இன்று என் வீட்டுக்காரர் சண்டை போட்டது: கேபிள்காரரோடு, தண்ணீர் மோட்டாரோடு, மேல்வீட்டுத் துணிக்கொடியோடு. துணிக்கொடி மட்டும்தான் பதில் பேசவில்லை. வேலை பார்த்த மண்ணூர்பேட்டை கம்பெனியை மூடிவிட்டார்கள்; தினகரன் வீட்டோடு இருக்க ஆரம்பித்ததிலிருந்து, இவர் போடும் சத்தத்தில் பட்டாபிராமில் ரயில் போனால்கூட எங்களுக்குக் கேட்பதில்லை. சிரிக்கிறேனே தவிர, பயமாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் இப்படி இல்லையே இவர்? பிரஷர் மாத்திரை வேறு. கத்திக் கத்தியே ஏதாவது ஆகிவிட்டால்?

ஜூன் 11, புதன்

கோபம் குறைய என்ன கொடுக்கலாம் என்று ஆபீசில் சாப்பிடும்போது கேட்டேன். ரேஷ்மா ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினாள். அசுவகந்தா மாத்திரை, மேலே பாயும் குதிரை, "எனர்ஜி". தீபிகாவிடமும் ஒன்று இருந்தது: தாமரைப்பூ, "மன அமைதி". திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே வேர். "அதெப்படிடி, அதே வேர் உன்னை ஓடவும் வைக்கும், இவளை உட்காரவும் வைக்கும்?" என்றேன். இருவருக்கும் கோபம். தாமரைக்காரிதான் அதிகம் கத்தினாள்.

ஜூன் 14, சனி

அவருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும்; மாத்திரை என்றால் உறையைப் படித்துவிடுவார். பொடிதான் சரி என்று ஆவடி மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருவேங்கடம் அமுக்கராப் பொடி எடுத்து வைத்தார்; அசுவகந்தாவுக்குத் தமிழ்ப் பெயராம்.

"தெம்புக்கும் இதாம்மா, தூக்கத்துக்கும் இதான்."

"வீட்டுக்காரர் கத்தறது நிக்குமா?"

"அதுக்கு கேரண்டி கெடையாது. எங்க ஊட்ல நானே கத்திகினுதான் கீறேன்."

வேறு மருந்து சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதா, தலையை ஆட்டிவைத்தேன். எந்தப் பக்கம் ஆட்டினேனோ.

ஜூன் 15, ஞாயிறு

இரவுப் பாலில் அரை ஸ்பூன். குதிரை லாயம் மாதிரி ஒரு நாற்றம்! ஏலக்காய் தட்டிப் போட்டேன். மீதி வைத்துவிடுவாரோ என்று எதிரிலேயே உட்கார்ந்தேன். சும்மா உட்கார முடியுமா? மேனேஜர் கதையை அளந்துகொண்டிருந்தேன். மனுஷர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

கேபிள்காரர் வாசலில் என்னை நிறுத்தினார். "சாருக்கு ஒடம்பு சரியில்லையாக்கா? 'பரவால்ல நைனா, நாளிக்கி வந்து பாரு'ன்றாரு." வேரே, உனக்குக் கோயில் கட்டுகிறேன். பாலைத்தான் வரவர ரொம்ப மெதுவாகக் குடிக்கிறார். எனக்கும் சொல்லக் கதை தீர்ந்துவிடும்போல.

ஜூன் 24, செவ்வாய்

ஆபீசில் பெருமையடிக்கப் போய் மாட்டிக்கொண்டேன். "பிரஷர் மாத்திரை போடறவருக்கு, டாக்டரக் கேக்காமலா குடுத்தீங்க?" என்றாள் தீபிகா. உடனே அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கல. திரும்பவும் அடிச்சேன் – எடுக்கவே இல்ல. பையத் தூக்கிட்டு ஓடினேன். அம்பத்தூர் ஸ்டேஷன்ல ரயில் வர்றதுக்குள்ள செத்துப் பொழச்சேன். என் கையால குடுத்தேனே, ஐயோ, நானே குடுத்தேனே –

போன் சார்ஜில் கிடந்தது. அவர் மாடியில் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். "இன்னா நாகு, அதுக்குள்ள வந்துட்ட?" உட்கார்ந்து அழுதேன். ஏனென்று சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். செம திட்டு. பிரஷர் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் பிரஷர் ரொம்ப இறங்கிவிடலாமாம். நிறுத்திவிட்டு நாளை அவரை அழைத்துவரச் சொன்னார். பொடியைக் கொட்டினேன். இனி பழைய தினகரன்தான், என்ன செய்ய.

ராத்திரி பாலை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். டம்ளரோடு பின்னாலேயே வந்தார்.

"இன்னிக்கி இன்னா, மருந்து தீந்துபூட்ச்சா?"

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். முதல் நாளே தெரியுமாம். "அந்த நாத்தத்துக்கு ஏலக்காய் வேற."

"தெரிஞ்சும் ஏன் குடிச்சீங்க?"

டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் குடிச்சு முடிக்கிற வரிக்கும் எதிர்ல குந்திகினு பேசினியே. பகல் பூரா எனுக்கு யாரு கீறாங்க பேச?"

பாவி மனுஷா, இதை வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்? நானும்தான் கேட்டேனா?

ஜூன் 26, வியாழன்

பிரஷர் சரியாக இருக்கிறது. தெரிந்தே குடித்ததற்கு அவருக்கும் திட்டு விழுந்தது. எனக்குப் பரம திருப்தி.

ஜூன் 29, ஞாயிறு

வெறும் பால். எதிரே உட்கார்ந்தேன். மோட்டாரைப் பற்றிக் கத்தினார். நானும் கத்தினேன். பால் ஆறி ஏடு கட்டியும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.