பத்து நாள் கட்டி வைத்த பொமரேனியன்

அண்ணி,

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் ஒரு பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் பெட்டையோடு சேர்க்க இந்த ஆண் நாயை வாங்கலாமா என்று கேட்டுவிட்டு, பல் வரிசையைக் காட்ட அதன் வாயைத் திறந்தாள். அந்த ஈர மூச்சின் வாடை முகத்தில் பட்டதும் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். நீங்கள் ஐந்து மாதக் கர்ப்பிணி. நம் பெட்டையைக் கிராஸுக்கு விட ஆண் பொமரேனியன் ஒன்று வேண்டுமென்று, செங்கம் சாலையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரரின் வீட்டுக்கு நாத்தனாரான என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அவர் தன் நாயை விற்கப் பார்த்தார். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. கால் குட்டை, முறைப்பு ஜாஸ்தி என்றீர்கள். ஆனாலும் பல்லைப் பார்க்காமல் வர மனசில்லை. வாயைப் பிரித்ததும் கட்டைவிரலில் வெடுக்கென்று கடித்துவிட்டது.

ரத்தத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு, வேண்டாமென்ற அதே நாயை அங்கேயே வாங்கினீர்கள். கடித்த நாய்க்குப் பத்து நாளில் வெறி பிடிக்காவிட்டால் நமக்கும் ஒன்றும் ஆகாது என்பார்கள். அது கண் முன்னால் இருந்தால்தானே பார்க்க முடியும்?

“உங்க அண்ணங்கிட்ட சொல்லிடாத. வயித்துல புள்ளைய வெச்சிக்கினு தொப்புளச் சுத்தி பதினாலு ஊசியா? என்னால ஆவாது.”

நானும் வாயை மூடிக்கொண்டேன். பின்கட்டில் கட்டிப்போட்ட நாய்க்குத் தினமும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, குடிக்கிறதா என்று கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். ஆறாம் நாள் அது சோற்றைத் தொடவில்லை, தண்ணீரை முகரக்கூட இல்லை. எச்சில் வடிய ஊளையிட்டது. வெறி பிடித்த நாய்தான் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் என்பார்கள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். அண்ணனிடம் சொல்ல எழுந்த என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடி, கடியை மறைத்து நாயின் நிலையையும் வீட்டில் ஒரு பெட்டை இருப்பதையும் மட்டும் சொன்னேன். கம்பவுண்டர் சிரித்தார்.

“உங்க பெட்டை ஹீட்டுக்கு வந்திருக்குங்க. அந்த வாசனைக்கு ஆண் நாய் சோறு தண்ணி தொடாதுங்க.”

பத்து நாள் கழிந்தது. நாய் தேறியது, உங்களுக்குப் பெண் பிறந்தாள். அப்புறம் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று வருஷக்கணக்கில் கேலி செய்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு ஒருநாள் என் கையை எடுத்து உங்கள் மார்பில் வைத்து, கட்டி ஒன்றைக் காட்டினீர்கள். தானாகக் கரைந்துவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றீர்கள். எனக்கு உடம்பெல்லாம் பயம். ஆனால் நாய் விஷயத்தில் வீணாகப் பயந்தவள்தானே என்ற வெட்கத்தில் அடங்கிப் போனேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில், முன்னாடியே கூட்டி வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டபோது அண்ணன் ஒன்றும் புரியாமல் விழித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே எனக்குத் தெரியும் என்பதை, நீங்கள் போன பிறகும், இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை, அண்ணி.