இரண்டு கறுப்பு கோட்டுகள்

மே 5

சித்தியின் சலவைக்கடையில் இன்று ஐந்தாவது நாள். "லீவு முழுக்க வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடப்பா, நாலு பேர்கிட்ட பேசிப் பழகட்டும்" என்று அம்மா தள்ளிவிட்டாள். இதுவரை நான் பேசியது இஸ்திரிப் பெட்டியோடு மட்டும்தான். ஆள் வந்தால் துணி அடுக்குகிற சாக்கில் உள்ளே ஓடிவிடுகிறேன். பதினைந்து வயசாகிறது, வெட்கக்கேடு.

மே 9

கவுன்ட்டரில் நிற்பவளுக்கு மின்னல் என்று பெயர் வைத்திருக்கிறேன். என்னைவிட ரெண்டு வயசு பெரியவள். ரசீதை நீட்டுவதற்குள் துணி வந்துவிடும். வாயும் அதே வேகம்தான். "நீ ஊமையா, இல்ல திமிரா?" என்றாள்.

"பயம்."

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சாப்பாட்டு டப்பாவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாக யாரும் அப்படி வந்து உட்கார்ந்ததில்லை.

மே 17

துணியில் குத்திய நம்பர் அட்டையை, அது சொந்தக்காரர் கைக்குப் போகிறவரை கழற்றக் கூடாது. கடையில் அது ஒன்றுதான் சட்டம். நான் கழற்றினேன். தேய்க்கும்போது ஊக்கின் தடம் விழுந்துவிடுமோ என்று பயம். ரெண்டு கறுப்பு கோட்டு, ரெண்டு அட்டை — மாற்றிக் குத்தித் தொலைத்திருக்கிறேன்.

இன்று ஒருவர் வந்து குதித்தார். "நாளன்னைக்கு எனக்கு இன்டர்வியூ. இது என் கோட்டே இல்ல!"

இந்த வாரம் ஏழு கறுப்பு கோட்டு வெளியே போயிருக்கிறது. எது யாரிடம் மாறிப்போனது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சித்தி மின்னலைப் பிடித்துக்கொண்டாள். "நம்பரைப் பாக்காம தூக்கிக் குடுத்தியா? நாளைக்குள்ள அந்தக் கோட்டு வரணும். வரலன்னா நீயும் வராதே."

"பாத்துதான்க்கா குடுத்தேன்" என்றாள்.

நான் துணி அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மே 18, காலை

சொல்லிட்டா அவ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. சொல்லலன்னா அவளுக்கு வேலை போயிடும். சனியனே, வாயைத் திறந்து தொலையேன்!

மே 18, மாலை

சொல்லிவிட்டேன். கடை நிறைய ஆட்கள். "சித்தி, அட்டையைக் கழட்டினது நான்." சித்தி ஃபோனை என் பக்கம் தள்ளினாள். "அப்ப நீயே பேசு."

கோட்டு மாறிப்போன இன்னொருவரிடம் பேசினேன். ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். வெளியூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனிதர், பெட்டியிலிருந்து கோட்டை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மின்னல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நேத்து நான் திட்டு வாங்கறப்போ நீ பின்னாடிதானே நின்ன?"

ஆமாம் என்றேன்.

மே 24

மின்னல் இன்றும் என்னோடு பேசவில்லை. டப்பாவை வாசலில் வைத்துச் சாப்பிட்டாள்.

மே 30

ஆள் வராத நேரத்தில் மின்னல் இஸ்திரி போட உட்கார்ந்து, ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைப் பொசுக்கிவிட்டாள். யாருக்கும் அஞ்சாதவள், சித்தி இருந்த பக்கமே திரும்பவில்லை. சட்டையைச் சுருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அக்காகிட்ட சொல்லப் போறேன். நீ ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல நில்லு, போதும்."

போய் நின்றேன்.